கொப்பளிக்கும் கல்முகங்கள்

பாரிஸ் நகரத்தை நான் பார்ப்பதற்கு ஏறக்குறைய நாற்பது வருஷங்களுக்கு முன்பே, அந்த நகரத்தில் வசித்த ஒரு பேயோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டிருந்தது. மூர் மார்க்கெட் தீக்கிரையாவதற்கு முந்திய காலம் அது. அங்கிருந்த பழைய புத்தகக் கடைகளுள் ஒன்றில், அட்டை கிழிந்து, முன்னும் பின்னும் பக்கங்கள் உதிர்ந்து, இன்ன நூல் என்று அடையாளம் சொல்ல வழியில்லாமல் கிடந்த ஒரு படப்புத்தகத்தை இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காசு மிஞ்சாத காரணத்தால் மயிலாப்பூர் வரைக்கும் நடந்தே வந்து சேர்ந்தேன். அதில் ஒரு படம்: உயரமான ஒரு கட்டடத்தின் கைப்பிடிச்சுவரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, உள்ளங்கைகளில் மோவாயைத் தாங்கி, தலையில் கொம்பும் முதுகில் சிறகுமாக, நாக்கைச் சற்றே வெளியே துருத்திக்கொண்டு, கீழே பரந்து கிடக்கும் நகரத்தை வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கல் உருவம். நம் ஊர்த் துவாரபாலகர்களின் உருட்டு விழியோ, கோரைப் பல்லின் கோபமோ அதனிடம் இல்லை. அந்த முகத்தில் இருந்ததெல்லாம் எத்தனையோ நூற்றாண்டுகளாக ஒரே காட்சியைப் பார்த்துப் பார்த்து வந்த சலிப்பு ஒன்றுதான். விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த மூதேவியை எடுத்து வெளியில் வைக்காதே என்று என் தாயார் கண்டித்ததால், அதைப் பகலில் மட்டும் பார்ப்பதென்று எனக்கும் பேய்க்கும் ஓர் உடன்பாடு இருந்தது.

ஆகவே, 2017-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், அந்நகரில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கையின் மகன் என்னை அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டுவதாக ஏற்றுக்கொண்டு, "முதலில் ஐஃபல் கோபுரமா, லூவர் காட்சிசாலையா, சொல்லுங்க மாமா" என்று கேட்டபோது, முதலில் என்னைப் பேயிடம் கூட்டிக்கொண்டு போ என்று தயங்காமல் சொன்னேன். அவன் சிரித்தான், ஆனால் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அந்தப் படப்புத்தகத்தைக் குழந்தைப் பருவத்தில் என் மடியில் உட்கார்ந்து புரட்டியவர்களில் அவனும் ஒருவன்.

ஸேன் நதியின் நடுவே ஒரு தீவில் நிற்கிறது நோத்ர்தாம் என்னும் மாதாகோயில். 1163-இல் தொடங்கிய கட்டட வேலை ஏறக்குறைய இருநூறு வருஷகாலம் நீண்டது என்பதைப் படித்திருந்தாலும், வடபுறத்துத் தெருவில் கோபுரம் ஏறுவதற்காக வரிசையில் நின்று, அண்ணாந்து, அந்தச் சுவர் போகும் உயரத்தைக் கழுத்து நோகப் பார்த்தபோதுதான் இருநூறு வருஷம் என்ற சொல்லுக்கு ஒரு கனம் உண்டாயிற்று. அப்போது படிகள் நானூற்றுக்குச் சற்றுக் குறைவு. எல்லாம் ஒரே சுருளாக, ஒருவர் ஏறினால் எதிரே ஒருவர் இறங்க முடியாத ஒடுக்கத்தில், ஒவ்வொரு படியும் வீட்டு அம்மிக்கல் தேய்ந்தாற்போல நடுவில் குழிந்து கிடந்தது. பாதி வழியில் என் மருமகன் திரும்பிப் பார்த்து, "உட்காரணுமா மாமா?" என்றான். உட்கார இடம் ஏது? எனக்குப் பின்னால் ஜெர்மானியர், ஜப்பானியர், இன்னும் எந்தெந்த தேசத்தாரோ மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்; ஆகவே கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஏறினேன்.

தரையிலிருந்து 46 மீட்டர் உயரத்தில் இரண்டு கோபுரங்களையும் இணைத்துச் செல்லும் ஒடுக்கமான நடையில் வெளிப்பட்டதும், கம்பிவலைக்கு அப்பால், என் பேய் இருந்தது. நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது. ஆனால் சலிப்பு மட்டும் குறையவில்லை. ஸ்த்ரீஜ் என்று அதற்குப் பெயர். இரவில் ரத்தம் குடிக்கும் பட்சியைக் குறித்த பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் இரு புறமும் கைப்பிடிச்சுவரின் மூலைக்கு மூலை அதன் சுற்றத்தார்: அலகை மார்பில் புதைத்துக்கொண்ட பறவை, எதையோ கடித்துக் குதறும் மிருகம், குல்லாய் அணிந்து குனிந்து பார்க்கும் தாடிக் கிழவர். எல்லாவற்றிலும் என்னை அதிசயிக்கச் செய்தது ஒரு யானை. துதிக்கையும் தந்தமுமாக அது பாரிஸ் நகரத்தின் கூரைகளைப் பார்த்துக்கொண்டு நின்ற கோலத்தில் ஒரு பரிதாபம் தெரிந்தது. ஊரில் பார்த்துப் பழகிய ஒருவரை அந்நிய தேசத்து ரயில் நிலையத்தில் தனியாகச் சந்திப்பது போலிருந்தது.

"ஆக, இதுதான் அந்தப் பிரசித்தி பெற்ற கார்காய்ல்" என்று சொன்னேன்.

"இது கார்காய்லே இல்ல மாமா" என்றான் அவன். "மழைத்தண்ணியை வாயால வெளியே தள்ளுறதுதான் கார்காய்ல். இதோட வாயைப் பாருங்க. ஓட்டை இருக்கா?"

இல்லை. நாக்கு இருந்தது, பற்கள் இருந்தன, தொண்டை இருக்கவேண்டிய இடத்தில் மொத்தமாகக் கல். அந்த நடையில் இருந்த ஐம்பத்து நான்கு உருவங்களில் எதுவும் ஒரு சொட்டு மழைநீரைக்கூட வெளியே தள்ளாது. அவற்றை ஷிமேர் என்றே பிரெஞ்சுக்காரர் அழைக்கிறார்கள். சிங்கமும் ஆடும் பாம்பும் கலந்த கிரேக்க புராணத்து விலங்கின் பெயர் அது. அதோடு, நான் பல நூற்றாண்டுகளின் சலிப்பு என்று எண்ணி மயங்கிக்கொண்டிருந்த அந்த முகத்துக்கு வயது நூற்றெழுபதுக்குள்தான் என்பதும் தெரிந்தது.

நாற்பது வருஷத்துப் பழக்கம் இப்படி ஒரு நிமிஷத்தில் கலைந்ததும் எனக்கு ஏமாற்றம் உண்டானது வாஸ்தவம். ஆனால் அந்தப் பொய் பிறந்த கதையை நினைத்துப் பார்த்தால் பொய்யின்மீது ஒரு மரியாதையும் வந்துவிடுகிறது. பிரெஞ்சுப் புரட்சியில் அரசர்களின் சிலைகளெல்லாம் தலை வெட்டுண்டு, கோயில் பண்டகசாலையாகி, சிதிலமடைந்து, இடித்துத் தள்ளுவதே நலம் என்று சிலர் எண்ணத் தலைப்பட்ட நிலையில், 1831-இல் விக்தோர் யூகோ 1482-ஆம் வருஷத்தைக் களமாக வைத்து ஒரு நாவலை எழுதி, அந்தக் கட்டடத்தையே கதாநாயகியாக்கினார். ஜனங்கள் கதையைப் படித்துவிட்டுக் கோயிலைப் பார்க்க வந்தார்கள், வந்தவர்கள் வெட்கப்பட்டார்கள். 1844-இல் ஜீர்ணோத்தாரண வேலை வியொலே-லெ-துக், லாஸ்யூஸ் என்னும் இரண்டு இளம் கட்டடக்கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1857-இல் லாஸ்யூஸ் காலமானபின் மற்றவர் தனியாகவே நடத்தி 1864-இல் முடித்தார். உடைந்ததைப் பழையபடி செய்து வைப்பதோடு வியொலே-லெ-துக் நிற்கவில்லை. அந்த உயரத்துக் கைப்பிடிச்சுவரில் முற்காலத்தில் என்ன இருந்தது என்பதற்குச் சான்று மிகச் சொற்பம். சான்று இல்லாத இடத்தைத் தம் கற்பனையால் நிரப்பினார். யூகோவின் நாவலைப் படித்துவிட்டு வருகிறவன் அங்கே எதைக் காண ஆசைப்படுவானோ அதைச் செய்து வைத்தார் என்றே எனக்குப் படுகிறது.

அவர் செய்து வைத்த கற்களின் ஈரம் உலருமுன்பே அவை பழமை அடைந்துவிட்டன. 1853-இல் ஷார்ல் மெரியோன் என்னும் சித்திரக்காரர் ஸ்த்ரீஜைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். கடற்படையில் பணிபுரிந்தவர், நிறங்களைப் பகுத்தறிய முடியாத கண்ணுடையவர், கடைசியில் சித்தம் கலங்கி ஷாராந்தோன் மனநோய் விடுதியில் 1868-இல் மாண்டவர். அவர் கையில் அது பாரிஸ் நகரத்தின் ரத்தத்தை உறிஞ்சக் காத்திருக்கும் பிசாசாகவே ஆகிவிட்டது. மூர் மார்க்கெட்டில் இரண்டு ரூபாய்க்கு நான் வாங்கியது அந்த மனிதரின் கலக்கத்தைத்தான் என்பது பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோது தெரிந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் ஷார்ல் நேக்ர் என்பவர் தம் நண்பர் ஒருவரை உயர்ந்த தொப்பியோடு அதன் பக்கத்தில் நிறுத்திப் புகைப்படமும் எடுத்தார். பிறகு தபால் அட்டைகள், பிறகு திரைப்படங்கள், இப்போது கீழே கடைகளில் காகிதம் பறக்காமல் மேசைமேல் வைக்கும் பொம்மைகள். உலகத்தில் கார்காய்ல் என்ற சொல்லைக் கேட்டதும் பெரும்பாலோர் மனத்தில் எழும் உருவம், கார்காய்ல் அல்லாத இந்த ஒன்றுதான்.

கிழக்கே கோயிலின் ஈயக் கூரை மழைமூட்டத்தில் மங்கித் தெரிந்தது. அதன் நடுவில் எழுந்த ஊசிக் கோபுரமும் வியொலே-லெ-துக் எழுப்பியதே. அதன் அடியில் நான்கு சரிவுகளிலும் பச்சைக் களிம்பு ஏறிய செப்புச் சிலைகள், பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் நான்கு சுவிசேஷச் சின்னங்களும், வரிசையாக இறங்கின. அப்போஸ்தலர்கள் நகரத்தை நோக்கி ஆசீர்வதித்தபடி நிற்கையில், அவர்களில் ஒருவர் மட்டும் நகரத்துக்கு முதுகைக் காட்டி, புருவத்துக்கு மேல் கையை வைத்து, ஊசிக் கோபுரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மற்றக் கையில் கட்டடக்காரனின் அளவுகோல். எனக்கு அந்த மங்கலில் இன்னார் என்று தெரியவில்லை; மருமகன் கைபேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். அந்த முகம் வியொலே-லெ-துக்கின் முகம். சிலை யாருடையது என்று கேட்டேன். "நம்ம ஊர்க்காரர்தான் மாமா. செயின்ட் தாமஸ்" என்றான்.

நான் பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து காலாற நடந்து போகும் தூரத்தில் சாந்தோம் தேவாலயம் இருக்கிறது. அந்த அப்போஸ்தலரின் சமாதி அங்கேதான் என்பது எங்கள் பக்கத்து ஐதீகம். இந்திய தேசத்து அரசன் கோண்டோபரஸ் தனக்கு மாளிகை கட்டும்படி அவரிடம் பொன்னைக் கொடுத்ததாகவும், அவர் அதை ஏழைகளுக்கு வாரி வழங்கிவிட்டு, உன் மாளிகை பரலோகத்தில் எழும்பியிருக்கிறது என்று அரசனிடம் சொன்னதாகவும் ஒரு கதை; அந்தக் கதையினால்தான் கட்டடக்காரருக்கெல்லாம் அவர் காவல் தெய்வமானார். கட்டாத மாளிகைக்குக் கணக்குச் சொன்னவரின் உருவத்தில், இல்லாத பழமைக்கு உருவம் கொடுத்த மனிதர் தம் முகத்தைப் பொருத்திக்கொண்டதை எண்ணியபோது, அவருக்குத் தம்மைப் பற்றி ஒரு ஹாஸ்ய உணர்வும் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. கண்ணால் கண்டு கையால் தொட்டாலன்றி நம்பாத தோமையார் வேறு!

நாங்கள் இறங்கி வரவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. மருமகன் எதிரே இருந்த காப்பிக் கடைக்குள் என்னை இழுத்தான். நான் அவன் குடையைப் பிடுங்கிக்கொண்டு கோயிலின் பின்புறத் தோட்டத்துக்கு நடந்தேன். வாயைப் பார் என்று சொன்னவன் அவன்தானே. வாய் உள்ளவற்றைப் பார்த்துவிடுவதென்று தீர்மானித்துவிட்டேன்.

பின்புறத்தில் அந்தக் கோயில் வேறொரு பிராணி. சுவரின் பளுவைத் தாங்குவதற்காக வெளியிலிருந்து முட்டுக்கொடுத்துப் பாயும் கல் வளைவுகள் விலா எலும்புகள்போல் விரிந்து நிற்க, ஒவ்வொரு வளைவின் நுனியிலிருந்தும், சுவரின் ஒவ்வொரு அடுக்கின் ஓரத்திலிருந்தும், கழுத்தை நீட்டி வாயைப் பிளந்த கல் உருவங்கள் வெளியே பாய்கின்றன. நாய் முகம், பன்றியோ கரடியோ என்று சொல்லமுடியாத முகம், சிறகை உடம்போடு ஒட்டிக்கொண்ட நாகம். கீழிருந்து பார்ப்பவனுக்கு அவற்றின் முகவிலாசம் பாதிகூடத் தெரியாது. மழை வலுக்க வலுக்க, முதலில் ஒரு வாயில் எச்சில்போல ஒரு நூல் இறங்கியது. பிறகு பக்கத்து வாயில். பிறகு எல்லா வாய்களும் ஒரேசமயத்தில் உமிழத் தொடங்கின. சுவரை விட்டு வெகுதூரம் தள்ளி, வளைந்து, காற்றில் சிதறித் தரையில் விழுந்த அந்த நீரின் ஓசையைக் கேட்டபோதுதான் பெயரின் பொருள் விளங்கிற்று. ஆங்கிலத்தில் கார்காய்ல் எனப்படும் இதற்குப் பிரெஞ்சில் கார்குய் என்று பெயர். தொண்டையைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லின் வழிவந்தது, வாய் கொப்பளிப்பதற்கு அந்த மொழியார் வழங்கும் சொல்லும் இதற்கு உறவே. பேய், பூதம் என்பதெல்லாம் பிறகு வந்த அர்த்தங்கள். நம் மொழியில் இதற்குப் பெயர் வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தால், கொப்பளிப்பான் என்றே வைப்பேன்.

வேலை எளியது, ஆனால் உயிர்நாடியான வேலை. செங்குத்தான கூரையில் விழும் மழை முழுவதும் சுவரோடு வழிந்தால், கற்களுக்கு இடையேயுள்ள சுண்ணாம்புச் சாந்து கரைந்து, அஸ்திவாரத்தில் ஈரம் ஊறி, சில தலைமுறைகளுக்குள் கட்டடம் தளர்ந்துவிடும். ஆகவே கூரையடியில் ஓடும் கல் வாய்க்காலிலிருந்து, முட்டுவளைவுகளின் முதுகிலே வெட்டிய சிறு கால்வாய் வழியாக நீரை வெளிப்புறத் தூணுக்குக் கொண்டுவந்து, அங்கே நீண்ட ஒரு கல்லின் முதுகிலே பள்ளம் வெட்டி, அதன் வாய் வழியாகச் சுவரை விட்டுத் தூரத்தில் எறிந்துவிடுகிறார்கள். கல் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் நீர் விழும். வாய்கள் எத்தனை அதிகமோ அத்தனைக்கு ஒவ்வொன்றின் வேகமும் குறையும். பிரான்ஸில் இந்த முறையில் செய்தவற்றுள் மிகப் பழையவை லாவோன் தேவாலயத்தில் 1220 வாக்கில் தோன்றியவை என்று எழுதியவர் யார் தெரியுமா? இடைக்காலக் கட்டடக்கலை பற்றிப் பத்துச் சம்புடங்களில் அகராதி தொகுத்த அதே வியொலே-லெ-துக். உண்மையான கார்குயின் இயல்பை அவரைவிடத் தெளிவாக அறிந்தவர் அந்தக் காலத்தில் ஒருவரும் இல்லை. அறிந்துகொண்டேதான் மேலே ஐம்பத்து நான்கு ஊமைகளை உட்கார வைத்தார்.

நீர் வெளியேறும் வாய்க்கு முகம் வைப்பது ஐரோப்பியர் கண்டுபிடித்ததன்று. எகிப்தில் எட்பூ கோயிலில் சிங்கத் தலைகள் மழையை உமிழ்ந்தன. கிரேக்கர் கோயில்களிலும் சிங்க முகங்களே. நம் சோழர் கோயில்களில் கருவறையின் வடபுறம் அபிஷேக நீர் இறங்கும் கோமுகியில் மகரமோ யாளியோ வாய் திறந்திருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் நானும் அங்கே நின்றேன். ஆனால் உறவு கொண்டாட ஆரம்பிக்குமுன் ஒரு பேதத்தைக் கவனிக்கவேண்டும்: கோமுகியின் நீரைக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொள்வோம், கார்குயின் நீர், கூரையின் அழுக்கையும் புறாவின் எச்சத்தையும் அடித்துக்கொண்டு வருவது. அதன் கீழே நிற்பவன் தலையைக் காப்பாற்றிக்கொள்வதே உத்தமம். குடைக்கு வெளியே நீண்டிருந்த என் இடது தோள் இதற்குச் சாட்சி.

கார்குய் என்ற பெயருக்கு ரூவான் நகரத்தார் வேறு ஒரு கர்ணபரம்பரைக் கதை சொல்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஸேன் நதிக்கரைச் சதுப்பில் அந்தப் பெயருடைய ஒரு பறவைநாகம் குடியிருந்து, நீரைப் பீச்சி ஓடங்களைக் கவிழ்த்து, நெருப்பைக் கக்கி, ஆடுமாடுகளையும் மனிதரையும் விழுங்கிவந்ததாம். ரோமான் என்னும் பிஷப் அதை அடக்கப் புறப்பட்டபோது துணைக்கு வர முன்வந்தவன் மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதி மட்டுமே. பிஷப் சிலுவை அடையாளம் இட்டதும் பிராணி நாய்க்குட்டிபோல் படுத்துவிட, தம் கழுத்துப் பட்டையையே கயிறாகப் போட்டு ஊருக்குள் இழுத்து வந்தார். சிதையில் ஏற்றியதும் உடல் எரிந்தது. நெருப்பையே உமிழ்ந்து பதப்பட்டிருந்த தலையும் கழுத்தும் எரியவில்லை. அவற்றை ஊர்ச் சுவரில் பதித்தார்கள். கதை எழுத்தில் ஏறியது அந்த பிஷப்பின் காலத்துக்கு எழுநூறு வருஷங்கள் கழிந்தபின், பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில்தான். ஆகவே பெயரிலிருந்து கதை பிறந்ததா, கதையிலிருந்து பெயர் பிறந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கதையில் வரும் கைதியின் பேரால், ஆண்டுதோறும் பரலோகாரோகணத் திருநாளன்று ஒரு கைதியை விடுதலை செய்யும் உரிமையை ரூவான் தேவாலயத்துக் குருமார் 1790 வரைக்கும் உண்மையாகவே அனுபவித்து வந்தார்கள். கற்பனை மிருகம் ஒன்று எத்தனை கழுத்துகளைத் தூக்குக்கயிற்றிலிருந்து மீட்டிருக்கிறது!

தென்புறமாகத் திரும்பி வரும்போது, என்னைத் தேடி வந்துவிட்டிருந்த மருமகன் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினான். வரிசையாக வாய் பிளந்த முகங்களின் இடையில், முகம் இருந்த இடத்தில், சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய். கல் அரித்து விழுந்துவிடவே, பணம் சேருகிற வரையில் குழாயைச் செருகி வைத்திருந்தார்கள். அதுவும் நீரைக் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. சொல்லப்போனால் பக்கத்தில் இருந்த நாய்முகத்தைவிடத் திறமையாகவே கொட்டியது. நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். குழாய் போதுமானால் முகம் எதற்கு?

இந்தக் கேள்விக்குப் பண்டிதர்கள் சொல்லும் சமாதானங்கள் பல. கெட்ட ஆவிகளை விரட்ட என்பர். நம் வீட்டு வாசலில் திருஷ்டிப் பொம்மை கட்டும் கைக்கு இது உடனே புரியும். எழுத்தறியாத ஜனங்களுக்கு நரகத்தின் பயங்கரத்தை உணர்த்த என்பர். கோயிலுக்கு வெளியே பாவம், உள்ளே ரட்சிப்பு என்று பாகுபாடு காட்ட என்பர். கார்குய்கள் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, 1125 வாக்கில், கிளேர்வோ மடத்துப் பெர்னார்டு, துறவிகள் நடமாடும் முற்றத்துத் தூண்களில் குரங்கும் சிங்கமும் பாதி மனிதப் பிராணிகளும் எதற்கு, அபத்தத்துக்கு வெட்கப்படாவிட்டாலும் செலவுக்காவது வெட்கப்படவேண்டாமா என்று கடிந்து எழுதினார். அந்த மகானுக்கே அர்த்தம் தெரியாத ஒன்றுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து அர்த்தம் கண்டுபிடிப்பது அதிகப்பிரசங்கம் அல்லவா? எமில் மால் என்னும் அறிஞர், பிரான்ஸின் தேவாலயச் சிற்பங்களில் குறியீடு தேடுவதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர், இந்த மழைவாய்களிடம் வந்ததும் இவற்றில் குறியீடு தேடவேண்டாம், இவை ஜனங்களின் கற்பனைக் குழந்தைகள் என்று ஒதுங்கிக்கொண்டார். எனக்கும் அதுவே சம்மதம்.

வாசல் வளைவில் தீர்ப்பு நாளைச் செதுக்கும் சிற்பிக்குக் குருமார் சாஸ்திரம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இன்னார் வலப்புறம், இன்னார் இடப்புறம், சாவி இவர் கையில், கத்தி அவர் கையில் என்று விதி உண்டு. மழைவாய்க்கு விதி ஏது? நாற்பது மீட்டர் உயரத்தில், கீழிருந்து ஒருவரும் சரியாகப் பார்க்கப்போகாத ஒரு கல்லை எடுத்து, இதில் பள்ளம் வெட்டு, நீர் ஓடினால் போதும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனபின், கல்தச்சனுக்கு ஒரு மத்தியானம் தன் இஷ்டம்போல் கிடைத்தது. அண்டை வீட்டு நாயையோ, கூலியைப் பிடித்தம் செய்த கணக்குப்பிள்ளையின் மூக்கையோ அவன் அதில் வைத்திருப்பான். ஜெர்மனியில் ஃப்ரைபர்க் தேவாலயத்தில் ஒரு மழைவாய், முகத்தை அல்ல, பிருஷ்டபாகத்தை வெளியே காட்டிக்கொண்டு அந்த வழியாகவே நீரை விடுகிறது. அது யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதைப் பற்றி அவ்வூரார் சொல்லும் வேடிக்கைக் கதைகள் ஒரு பக்கம் இருக்க, அதில் நரகத்தைப் பற்றிய உபதேசம் இருப்பதாக எந்தப் பண்டிதரும் என்னை நம்பவைக்க முடியாது. வாஷிங்டன் நகரத்துத் தேசிய தேவாலயத்தில், சிறுவர்களுக்கு வைத்த போட்டியில் பரிசு பெற்ற ஒரு பையனின் யோசனைப்படி, 'ஸ்டார் வார்ஸ்' படத்து வில்லன் டார்த் வேடரின் தலையைக் கோபுரத்தில் செதுக்கி வைத்திருப்பதை மருமகன் சொன்னான். கல்தச்சனின் சுதந்திரம் ஒரு பையனுக்கும் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமே.

இரண்டு நாள் கழித்து ரேன்ஸ் நகரத்துக்குப் போனோம். விரைவு ரயிலில் முக்கால் மணி நேரம். பிரான்ஸ் தேசத்து அரசர்கள் முடிசூடிய தேவாலயம் அங்கே இருக்கிறது. 1914 செப்டம்பர் 19-ஆம் தேதி, ஜெர்மானியரின் பீரங்கிக் குண்டுகள் விழுந்து, வடகோபுரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த மரச் சாரம் பற்றிக்கொண்டு, தீ கூரைக்குத் தாவியது. கூரை ஈயத்தால் வேய்ந்தது. ஈயம் உருகிற்று, உருகியது மழைபோலவே சரிவில் ஓடி, மழைக்கென்று வெட்டிய கால்வாயில் இறங்கி, மழைக்கென்று திறந்திருந்த வாய்களின் வழியே வெளிப்பட்டது. கேட்கத் தகாததைக் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல் என்று நாம் சொல்வது வழக்கம். அங்கே அது வாயில் நடந்தது.

அந்தக் கற்களில் சில, தேவாலயத்தை அடுத்த தோ அரண்மனையில், இப்போது அது காட்சிசாலை, பாதுகாத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பல நூற்றாண்டுகள் மழையை உமிழ்ந்த ஒரு முகம். அதன் திறந்த வாயிலிருந்து சாம்பல் நிறத்தில், பாதி விழுந்தும் பாதி விழாமலும் உறைந்து தொங்குகிறது ஈயம். பாரிஸில் உச்சியில் உட்கார்ந்திருந்த சலிப்புப் பேயை அழகுக்காகச் செய்தார்கள். இதை யாரும் அழகுக்காகச் செய்யவில்லை. மருமகன் புகைப்படம் எடுக்கக் கைபேசியை உயர்த்தியவன், எடுக்காமலே கீழே தாழ்த்திவிட்டான். நாங்கள் இருவரும் பேசாமல் வெளியே வந்து, மழை இல்லாத அந்த மத்தியானத்தில், எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டோம்.

ஊர் திரும்பி ஒன்றரை வருஷம் ஆயிற்று. 2019 ஏப்ரல் 15-ஆம் தேதி, திங்கட்கிழமை, இரவு பத்து மணிக்குமேல் மருமகனிடமிருந்து டெலிபோன் வந்தது. "டி.வி.யைப் போடுங்க மாமா" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. நோத்ர்தாமின் கூரை முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. மஞ்சள் புகை எழுந்தது. பாரிஸில் அப்போது மாலை. எங்களுக்கு நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தபோது ஊசிக் கோபுரம் சாய்ந்து, முறிந்து, உள்ளே விழுந்தது. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் தோமையார்தான். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த கோபுரம் அவர் தலைமேலேயே விழுந்திருக்குமே என்று நான் பதறியதைக் கேட்டு, மருமகன், "இல்ல மாமா, வியாழக்கிழமையே இறக்கிட்டாங்க" என்றான். பழுது பார்ப்பதற்காக, பதினாறு செப்புச் சிலைகளையும் நான்கு நாள் முன்னதாக, தலைகளைத் தனியே கழற்றி, கிரேன் வைத்துத் தரைக்கு இறக்கி, லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பிவிட்டார்களாம். அந்த இரவில் அவர் எங்கேயோ ஒரு பட்டறையில், தலை வேறு உடல் வேறாக, பத்திரமாகக் கிடந்தார்.

திருப்பணி பெரும்பாலும் முடிந்து 2024 டிசம்பரில் கோயிலை மறுபடி திறந்தார்கள். நான் இன்னும் போகவில்லை, முழங்காலும் முன்போல் இல்லை. கோயில் எரிந்த அந்த இரவில் தொலைக்காட்சியில் காட்டியதையே காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சமயம் படம்பிடிக்கும் கருவி முகப்புக் கோபுரங்களின் பக்கம் திரும்பியது. இரண்டும் நின்றன. அவற்றின் நடுவே, கைப்பிடிச்சுவரின் ஓரமாக, பின்னாலிருந்த நெருப்பின் வெளிச்சத்தில் கருத்த சிறு உருவங்கள் தெரிந்தன. கொம்பும் சிறகும் உடையது எது என்று அந்தத் தூரத்தில் சொல்ல முடியவில்லை. ஆனால் அவை எல்லாமே நகரத்தைப் பார்த்தபடி வைக்கப்பட்டவை. ஆகையால் எரியும் கூரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்கைகளை ஊன்றி, நாக்கைத் துருத்தி, அது அப்போதும் பாரிஸ் நகரத்தின் கூரைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.